வராமல் போகிறவர்களுக்கும் சேர்த்து

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் மகள் ஹெப்சி. போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், அச்சுமுறுக்கு சுடும்போது சொன்னாள். இப்படித்தான் டாக்டரம்மாவிடம் பேச்சை எடுக்க வேண்டும். இல்லை, மகளில் ஆரம்பித்தால் எந்த மகள், எங்கே மகள் என்று கேட்டே நேரம் போய்விடும். மகனில் ஆரம்பிக்க வேண்டும். டாக்டரம்மா, நேற்றுச் சாயங்காலம் உங்கள் இடத்தில் வந்து படுத்திருக்கிற ஆசீர் என் மகன், இன்றைக்குக் காலையில் அவனுக்கு நீங்கள் மாத்திரை கொடுக்க வேண்டாம். ஏன் என்று கேட்பார்கள். பழம் என்று சொல்ல வேண்டும். விடிந்தும் விடியாமலும் வந்து நின்று பழம் பழம் என்கிற பொம்பளையை வாட்ச்மேன் உள்ளே விடுவானா. டாக்டர் பெண்ணா ஆணா என்றும் தெரியாது, நானாக ஒரு டாக்டரம்மாவை மனதில் வைத்துக்கொண்டேன், கண்ணாடி போட்டு, கொஞ்சம் ஹெப்சி சாயலில். பெண்ணாயிருந்தால் நல்லது ஆண்டவரே. பஸ் பட்டாபிராம் தாண்டிவிட்டது. ஜன்னல் கம்பி குளிர்ந்து கிடக்கிறது, கையை எடுத்தால் துரு வாசனை. எட்டு மணிக்கு மாத்திரை கொடுப்பார்கள் என்று போன தடவை போய்வந்தபோது ஆசீர்தான் சொன்னான், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இல்லையாம், நம்பர் வரிசையில் ஒருத்தனுக்குப் பிறகு ஒருத்தன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்களாம், கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் டார்ச் அடிப்பார்களாம். "சின்னப்பிள்ளையில நீங்க பாப்பீங்கள்லம்மா, மாத்திரைய முழுங்குனேனா துப்புனேனான்னு, அதே மாதிரி" என்று சிரித்தான். கண்டக்டரைக் கேட்டேன், "தம்பி, எட்டுக்குள்ள போயிருமா?" "என்னைக் கேட்டா? பாடி சிக்னலைக் கேளுங்கம்மா" என்றான். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கைப்பைக்குள் போனைத் தடவினேன். ஃபிரிட்ஜ் கதவில் அவன் ஒட்டிவைத்துப் போன நம்பருக்கு மூன்று தடவை அடித்தாயிற்று. ஒன்பது மணிக்கு மேல் அழைக்கவும் என்று ஒரு பெண் குரல், அலுக்காமல், இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். ஆசீருடைய போனை அங்கே வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள். அதனால்தான் பஸ்.

ஹெப்சி சொன்னதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் டாக்டரம்மா என்னை நம்புவார்கள். எனக்கு அதில் பாதி விளங்கியதே அவள் எங்கள் சபையில் நடந்த காப்பித்தூள் கதையை வைத்துச் சொன்னதால்தான். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூட்டத்துக்குப் போடுகிற காப்பிக்கு, வழக்கமாக வாங்குகிற தூளுக்குப் பதில் வேறொரு தூள் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. ரெண்டும் ஒன்றுதான் என்று எங்கள் சங்கத்து எலிசாக்கா கட்சி, ஒன்றாகாது என்று என் கட்சி. "ம்மா, அதுதான் என் வேலையே" என்றாள் ஹெப்சி, எண்ணெயில் அச்சை உதறிக்கொண்டு. பெரிய கம்பெனி முதலில் செய்த மாத்திரை ஒன்று, அதைப் பார்த்து இன்னொரு கம்பெனி செய்கிற மாத்திரை ஒன்று, ரெண்டும் உடம்புக்குள் போனால் ஒரே அளவு மருந்து ரத்தத்தில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நோயில்லாத ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு தடவை இதைக் கொடுத்து, உடம்பிலிருந்து அது முழுக்கப் போகும்வரை நாள் விட்டு, மறுபடி அதே ஆளுக்கு அதைக் கொடுத்து, ரெண்டு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "எலிசாக்கா நாக்கு வேற, உங்க நாக்கு வேற. அவங்க குடிச்சது ஒரு தூளு, நீங்க குடிச்சது ஒரு தூளுன்னா சண்டைதான் வரும். எலிசாக்காவே ரெண்டையும் குடிச்சுச் சொல்லட்டும்." எனக்கு அது பிடித்திருந்தது. ஒருத்தனை இன்னொருத்தனோடு நிறுக்காமல் அவனை அவனோடேயே நிறுப்பது. வீட்டில் அதை நாங்கள் செய்யவில்லையே என்று அப்போதே ஒரு முள் குத்தியது, எண்ணெய் தெறித்த மாதிரி, துடைத்துவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் குடிக்கணும் என்று கேட்டேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அதைத்தான் நான் கணக்குப் போடுறேம்மா. நாள் முழுக்க அதே ஒரு கேள்வி. எத்தனை பேர்."

பெரிய கம்பெனி மாத்திரை ரத்தத்தில் ஏறுவது நூறு என்றால் புதியது எண்பதுக்குக் கீழே போகக் கூடாது, நூற்றிருபத்தைந்துக்கு மேலே போகக் கூடாது, அதுதான் வேலி. புது மாத்திரை அந்த வேலிக்குள் நிற்க வேண்டும். கிடைத்த எண் மட்டும் உள்ளே நின்றால் போதாது, அந்த எண்ணைச் சுற்றி நமக்கு எவ்வளவு சந்தேகமோ அந்தச் சந்தேகமும் முழுசாக உள்ளே நிற்க வேண்டும் என்றாள். ஆள் குறைந்தால் சந்தேகம் அகலமாகிவிடும். அகலமானால் வேலியை இடிக்கும். மாத்திரை நல்ல மாத்திரையாகவே இருந்தாலும் தோற்றுப்போகும். அப்படியானால் நிறைய பேரைப் போடு என்றேன், நூறு பேரைப் போடு. "நூறு பேரு கையில ஊசி குத்தணும்லம்மா. வியாதியில்லாத பிள்ளைங்க. தேவைக்கு மேல ஒரு ஆளு உள்ள வந்தாலும் அந்தப் பிள்ளைய சும்மா குத்துனதுதானே. கம்மியா எடுத்துட்டாலோ, குத்துனது அத்தனையும் வீண்." சொன்னபோது அவள் குரல் ஜெபக்கூட்டத்தில் பேசுகிற குரல் மாதிரி இறங்கியது. அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை விடவே இல்லை. எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும், நல்ல மாத்திரைகளில் பத்தில் எட்டுதான் தேறும்படி வைப்பார்களாம், அது போதும் என்று வைத்துக்கொள்வார்களாம். மற்ற ரெண்டு? "அது நல்லதா இருந்தும் தோக்கும்மா." தெரிந்தேயா? "தெரிஞ்சேதான். ஒண்ணையும் விடக்கூடாதுன்னா ஊரையே படுக்கவைக்கணும்." அன்று ராத்திரி முழங்காலில் நின்றபோது யாருக்காகவோ ஜெபிக்க ஆரம்பித்து அந்த ரெண்டுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். நல்லதாக இருந்தும் தோற்றுப்போகிறவை. என் மகன் முகம் வந்து வந்து போயிற்று. மாத்திரைக்காக ஜெபிக்கிறாயே பைத்தியக்காரி என்று நானே என்னை ஏசிவிட்டு எழுந்தேன். ஆவடி வந்துவிட்டது. பூக்காரி ஒருத்தி கூடையோடு ஏறினாள், ஈரச்சாக்கு வாசனை, "தள்ளிக்கம்மா" என்று என் பக்கம் உட்கார்ந்தாள், நான் தள்ளிக்கொண்டேன், எங்கே விட்டேன். எத்தனை பேர். ஆமாம்.

எத்தனை பேர் என்பதற்கு முன்னால் இன்னொன்று தெரிய வேண்டுமாம்: ஒரே ஆள் எவ்வளவு மாறுகிறான். நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு அவன் உடம்பு இருக்காது. அதே மாத்திரையை அவனுக்கே ரெண்டு தடவை கொடுத்தாலும் ரெண்டு கணக்குதான் வரும். அந்த மாறுதல் சின்னதாக இருந்தால் கொஞ்சப் பேர் போதும், பெரிதாக இருந்தால் நிறைய பேர் வேண்டும். அதை முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வாய் என்றேன். "தெரியாது. முன்னால யாராவது செஞ்சிருந்தா அதைப் பாத்து ஊகிக்கிறதுதான். ஊகம் தப்பாச்சுன்னா எல்லாம் தப்பு." இதற்காகவா இவ்வளவு படித்தாய் என்று எலிசாக்கா கேட்டிருப்பாள், நான் கேட்கவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சங்கதி. நான் ஒரு நாள் ஜெபித்தால் கண்ணீர் வருகிறது, மறுநாள் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பால் பொங்குகிறதா என்று காது அடுப்படியில் கிடக்கிறது. அதே நான்தான். என்னை நம்பி என்ன கணக்குப் போட்டிருக்கிறீர் ஆண்டவரே. இன்னும் ஒன்று சொன்னாள், அது வேறு மாதிரி குத்தியது. ரெண்டு மாத்திரையும் அச்சு அசல் ஒன்று என்று நம்பிக் கணக்குப் போட்டால் ஆள் குறைவாகப் போதும், ஆனால் அப்படி நம்பிப் போடக்கூடாதாம். நூற்றுக்கு அஞ்சு பங்கு வித்தியாசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் போட வேண்டுமாம். "ரெண்டும் சரிசமம்னு நம்பிப் போடுறவங்கதாம்மா தோப்பாங்க." நான் முறுக்கை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் எனக்குச் சரிசமம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஆசீர் அதை வேறு மாதிரி சொல்வான். அக்கா வேலை என்ன என்று ஒரு தடவை கேட்டு விளங்கிக்கொண்டான், அன்றிலிருந்து, "அவ கம்பெனி மாத்திர. நான் காப்பியடிச்ச மாத்திர" என்பான். ஹெப்சிக்கு ஹைதராபாத்தில் வேலை. இவனுக்கு ஒன்றும் நிலைக்கவில்லை. டிப்ளமா பாதி. பாளையங்கோட்டையில் என் தம்பியுடைய பட்டறை பாதி. டிரைவிங் பழகப் போனது பாதி. அவனுடைய அப்பாவுக்குக் காது கேட்காததால் சொல்ல நினைப்பதையெல்லாம் சத்தமாகத்தான் சொல்வார்கள், "இவன் மழையில குளிச்சாக்கூட பாதியிலதான் வருவான்" என்று தெருவுக்கே கேட்கும். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள் சட்டைக்கையை மடக்கிவிட்டு என் முன்னால் நின்றான், முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. செக்கப்புக்குப் போனேன், எல்லாம் நல்லாயிருக்கு, எடுத்துக்கொண்டார்கள் என்றான். என்னடா எடுத்தார்கள் என்று பதறினேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை, புதிதாகச் செய்தது, ரெண்டு தடவை போய்ப் படுக்க வேண்டும், படுத்தால் ஒரு தொகை கொடுப்பார்கள், அதில் அப்பாவுக்குக் காது மிஷின் வாங்க வேண்டும். காது மிஷின் அக்கா வாங்கித் தருகிறேன் என்றாளே என்றேன். "அதுக்குத்தாம்மா நான் வாங்கணும்." பிறகு, "அக்காட்ட சொல்லாதீங்க. அவ கணக்குல வர்ற நம்பரு மாதிரி நானும் ஒரு நம்பரா படுத்திருக்கேன்னு தெரிஞ்சா அழுவா" என்றான். பத்தொன்பதாம் நம்பர் கட்டில். போய்ப் படுத்தான், வந்தான். எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றியது என்றான், கொதிப்பே இல்லாத பிள்ளைக்குக் கொதிப்பு மாத்திரை, சுற்றாதா. நடுவில் நாள் விட்டார்கள். நேற்று ரெண்டாவது தடவை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான், "ம்மா, இத மட்டும் பாதியில விடலை பாத்தீங்களா. போயிட்டு வாரேன்." சத்தமாக வேறு சொன்னான், அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று. அவங்க பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, மழையா?" என்றார்கள்.

இப்போது பழம். டாக்டரம்மா, எங்கள் சபையில் போன ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆல்டரில் வைப்போம், போதகர் ஐயர் ஜெபித்தபிறகு வெளியே பந்தலில் ஏலம் விடுவோம். பூசணிக்காய், கருவேப்பிலை, ஒரு சேவல், யாரோ வீட்டு மரத்து பம்பளிமாஸ் ஒன்று, குழந்தை தலை அளவுக்குப் பெரிதாக, ஒரு இலையோடு. அதன்மேல் எலிசாக்காவும் கண் வைத்திருந்தாள். நான் விடவில்லை. "ஏ, உனக்கு எதுக்கு இது? உங்க வீட்ல ஒருத்தரும் புளிப்பு தொடமாட்டீங்களே" என்றாள். என் பிள்ளைக்கு என்றேன். ஊசி குத்தின கை, தலைசுற்றல், ரெண்டாம் தடவை போகப்போகிறான், ஜெபித்த பழம் உள்ளே போகட்டும் என்றுதான். ஆசீருக்கு பம்பளிமாஸ் கசக்கும், வாயில் வைக்கமாட்டான். அதனால் சுளையைப் பிழிந்து சாத்துக்குடிச் சாற்றோடு கலந்து, கொஞ்சம் சர்க்கரை போட்டு, முந்தாநாள் காலையில் ஒரு டம்ளர், நேற்றுக் காலையில் ஒரு டம்ளர். "சாத்துக்குடி ஏன் ஒரு மாதிரி இருக்கு" என்றான். பழம் பழசு என்றேன். குடித்துவிட்டான். இது என்ன பெரிய விஷயம், பிள்ளை சாப்பிடாததைச் சாப்பிட வைக்க எத்தனை தடவை எத்தனையைக் கலந்திருக்கிறேன், கீரையைத் தோசைமாவில் கலந்தவள்தானே நான். இன்றைக்கு விடிகாலையில் ஹெப்சி போன் பண்ணினாள், கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கும்போது எப்போதும் பண்ணுவாள். பேச்சுவாக்கில், உனக்கு அனுப்ப முடியலையே, அருமையான பம்பளிமாஸ், ஏலத்தில் எடுத்தேன் என்றேன். "அப்பாவுக்குக் குடுத்துராதீங்கம்மா!" என்றாள், சத்தமாக. ஏன்டி? "அப்பா போடுற மாதிரி சில கொதிப்பு மாத்திரைக்கு அது ஆகவே ஆகாது. குடல்ல ஒரு காவல்காரன் இருக்கான்னு வச்சுக்கோங்க, மருந்துல பெரும்பங்கை வாசல்லயே மடக்கிருவான். மிச்சந்தான் ரத்தத்துக்குப் போகும். இந்தப் பழம் அவனைத் தூங்க வச்சிரும். ரெண்டு மூணு நாளு எந்திரிக்க மாட்டான். முழு மருந்தும் உள்ள போயிரும். எங்க ஸ்டடிக்கு வர்றவங்கள இதைக் கேக்காம உள்ளயே விடமாட்டோம்." அப்பாவுக்குக் கொடுக்கவில்லை என்றேன். அது உண்மை. "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" பால் பொங்குதுடி, வைக்கட்டுமா என்றேன். பால் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

நேற்று அவனையும் கேட்டிருப்பார்கள். இந்தப் பழம் சாப்பிட்டாயா. இல்லை என்றிருப்பான், அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பஸ் நிற்கிறது, பாடி சிக்னல்தான், கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கிறான், நான் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன. இந்த நினைப்பு அம்பத்தூரிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, பூக்காரிக்கும் எனக்கும் நடுவில். முப்பது சொச்சம் பேரில் ஒருத்தன். தண்ணீரில் ஒரு சொட்டு. போன தடவை தலைதானே சுற்றியது, இந்தத் தடவை கொஞ்சம் கூடச் சுற்றும், டாக்டர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் கூடவா. பெரும்பங்கும் மடக்குகிற காவல்காரன் தூங்கினால் அது கொஞ்சமா. ரெண்டு மடங்கா, மூணு மடங்கா, எனக்கு அந்தக் கணக்கு வராது, எனக்கு வருவதெல்லாம் அவன் கட்டிலிலிருந்து எழுந்து ஒரு காலை ஊன்றி, அப்புறம். ஆண்டவரே. அப்புறம் மற்றவர்கள். ஒவ்வொருத்தனையும் அவனோடேயே நிறுக்கிறதால்தான் இத்தனை கொஞ்சப் பேர் போதுகிறது, அதனாலேயே ஒவ்வொருத்தனும் கனமாகிவிடுகிறான். ஒருத்தன் எண் எகிறினால் சந்தேகம் அகலமாகும், அகலமானால் வேலி இடிக்கும், நல்ல மாத்திரையாக இருந்தால் என்னால் தோற்கும். குத்தின கைகள் எல்லாம் வீண். இல்லை, அதைவிடக் கெட்டதும் நடக்கலாம், குறைவாக ஏறுகிற மாத்திரையை என் பழம் தூக்கிவிட்டுச் சரியான மாத்திரையாகக் காட்டலாம், அதை நாளைக்கு யாரோ ஒருவர், காது கேட்காத யாரோ ஒருவர், பேப்பர் படித்துக்கொண்டே முழுங்கலாம். அப்படியானால் சொல்ல வேண்டும். சொன்னால் அவனை அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் முதல் தடவை எடுத்த ரத்தமும் கணக்கில் சேராது என்று ஹெப்சி சொல்லியிருக்கிறாள், ஜோடியில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றும் இல்லை. மறுபடியும் பாதி. இந்தத் தடவை அவன் விடவில்லை, நான் விடவைத்தேன். அதை யார் நம்புவார்கள். அவனுடைய அப்பா என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது, தெருவுக்கும் கேட்கிறது. அப்போதுதான் ஹெப்சி கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது, டின்னை மூடிக்கொண்டே சொன்னது, நான் அப்போது சரியாகக் காதில் வாங்காதது. "இருபத்தெட்டு வேணும்னு கணக்கு வந்தா இருபத்தெட்டு மட்டும் எடுக்க மாட்டோம்மா. முப்பத்திரண்டு எடுப்போம். யாராவது காய்ச்சல்ல படுப்பாங்க, யார் வீட்டுலயாவது சாவு விழும், யாருக்காவது பயம் வந்து ஓடிருவாங்க. வராமப் போறவங்களுக்கும் சேத்துத்தான் கணக்கு. அவங்க மேல ஒரு கோபமும் கிடையாது." போகிறவனுக்கும் முதலிலேயே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாமலே, பெயர் தெரியாமலே, அவன் போவான் என்று தெரிந்து, அவனுக்கும் சேர்த்து. இதை நான் ஏன் ஒரு தாயாக இருந்து செய்யவில்லை. என் கணக்கில் அவன் ஒவ்வொரு தடவையும் முழுசாக வர வேண்டியவனாகவே இருந்தான். ஆசீர் அங்கே முப்பத்திரண்டு கட்டில் இருந்தது என்றான், போன தடவையே ஒருத்தன் வாந்தியெடுத்து வெளியே போனான், ரெண்டு பேரை நேற்றே காணவில்லையாம், போனைக் கொடுப்பதற்கு முன்னால் வாசலில் நின்று எனக்குச் சொன்னான். மூணு. அப்படியானால் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. அவர்கள் கணக்கும் என் மகள் கணக்கும் ஒன்றாக இருந்தால். இருக்கட்டும் ஆண்டவரே, இல்லாவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், ஆனால் இருக்கட்டும். பச்சை விழுந்தது. "போலாம் ரைட்" என்றான் கண்டக்டர், என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி.

இறங்கினேன், நடந்தேன், முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். பெரிய கண்ணாடிக் கட்டடம், வாசலில் வேப்பமரம், வாட்ச்மேன் வடக்கத்திப் பையன், "பேஷன்டா மா? ஆஸ்பத்திரி இல்ல இது" என்றான். மகன் உள்ளே, மாத்திரை, டாக்டர், என்று மூன்று வார்த்தை சொன்னேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே ஓடினான். உள்ளே சுவர்க் கடிகாரம் எட்டைத் தாண்டியிருந்தது. வந்தது பெண்தான். கண்ணாடி இல்லை, ஹெப்சி சாயலும் இல்லை, ஹெப்சியைவிடச் சின்னவள், கையுறை போட்டபடியே வந்தாள். "சொல்லுங்கம்மா, நான் டாக்டர் யாழினி." பஸ் முழுக்கக் கோத்துக்கொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை. "பத்தொன்பதாம் நம்பர். ஆசீர். பம்பளிமாஸ் குடிச்சிருக்கான். அவனுக்குத் தெரியாது. சாத்துக்குடியில நான் கலந்து குடுத்தேன், நேத்தும் குடுத்தேன், முந்தாநாளும் குடுத்தேன்."  அவள் சட்டென்று திரும்பி, கதவுக்கு உள்ளே பார்த்து, "பத்தொன்பதை நிறுத்துங்க. டோஸ் குடுக்காதீங்க" என்றாள், சத்தம் போடாமல். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "பதினாறு முடிஞ்சுது, பதினேழு போயிட்டிருக்கு டாக்டர்" என்றது. பின்னாலேயே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளைத் தொட்டாள். "நல்ல வேளை வந்து சொன்னீங்க. இந்த மருந்தோட அது சேர்ந்திருந்தா பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கும்." கணக்கு, என்றேன். "என்ன கணக்கு?" ஆள் குறையுமே. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போதும்மா. கரெக்டா போதும். இன்னொருத்தர் போனாத்தான் கஷ்டம்." ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொன்னேன், அது அவளுக்குக் கேட்டிருக்காது. அவன்கிட்ட நான் போய்ச் சொல்லலாமா என்றேன். "உள்ள யாரையும் விட முடியாதும்மா. நானே போய்ச் சொல்லி வெளியில கூட்டிட்டு வர்றேன்." சரி. அந்தக் கட்டிலில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்தது. முறை வருவதற்குக் காத்துக்கொண்டு, கை நீட்டி, நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் இல்லாத வயிற்றோடு, முடிக்கப்போகிறவனாக. அந்த வயிற்றோடு அவன் அதைக் கேட்கக் கூடாது. டாக்டரம்மா கதவு வரைக்கும் போய்விட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"யம்மா, ஒரே ஒரு சொல். அவனுக்கு முதல்ல ரெண்டு இட்லி குடுங்க. அப்புறம் சொல்லுங்க."